தொடாமல் கொடுத்த களிம்பு

(திருக்கடையூரில் தோழர்கள் நடத்திய நலவாழ்வுக் கூட்டத்தில், அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்ற தோழர் ஒருவர் பேசியது. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)



என்னைக் கூப்பிட்ட தம்பிகள், ‘எதைப் பத்திப் பேசப் போறீங்க, நோட்டீசுல போடணும்’னு கேட்டாங்க. ‘படையைப் பத்தி’ன்னேன். ‘தொண்டர் படையாண்ணே?’ன்னு ஒரு தம்பி ஆர்வமாக் கேட்டாரு. ‘இல்ல தம்பி, தொடை இடுக்குல வர்ற படை’ன்னேன். அவருக்கு முகம் விழுந்து போச்சு. இதெல்லாம் இயக்கக் கூட்டத்துல பேசுற விசயமான்னு அவர் நினைச்சிருக்கலாம். தப்பில்ல. கூலியைப் பத்திப் பேசுறோம், மனையைப் பத்திப் பேசுறோம், சுடுகாட்டுப் பாதையைப் பத்திப் பேசுறோம். தோலைப் பத்திப் பேச வெட்கப்படுறோம். அந்த வெட்கத்தை வச்சு ஒரு பெரிய வியாபாரமே நடக்குது. அதைத்தான் சொல்ல வந்திருக்கேன்.

நான் பொறந்தது இங்கேருந்து பொறையாறு போற வழியில உள்ள ஒரு தெருதான். எங்கம்மா நடவாளு. குறுவை, சம்பா, தாளடின்னு வருசத்துல பாதி நாள் காலு சேத்துக்குள்ளதான் இருக்கும். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப் போயிருக்கும். சேத்துப்புண்ணு. ராத்திரியில மருதாணியை அரைச்சு அப்பிக்கிட்டுப் படுக்கும். காலையில மறுபடி அதே சேறு. அதோட, ஈரப் பாவாடையை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டுப் பொழுதுக்கும் குனிஞ்சு நிக்கிற பொம்பளைக்கு, அந்த நாடா இறுக்குற எடத்துல படை வரும். வட்டமா, ஓரம் தடிச்சு, நடுவுல ஆறின மாதிரி. ராத்திரி அரிப்பு தாங்காம எந்திரிச்சு உக்காந்திருக்கும். எங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துல அரசு ஆஸ்பத்திரியில படைக்கு ஒயிட்ஃபீல்டு களிம்புதான் குடுப்போம். ஆர்தர் ஒயிட்ஃபீல்டுன்னு லண்டன் டாக்டர் 1907ல சொன்ன கூட்டு. பென்சாயிக் அமிலம் 6 சதம், சாலிசிலிக் அமிலம் 3 சதம். பெரிய சாடியிலேருந்து கரண்டியால எடுத்து, டப்பா கொண்டாந்தவங்களுக்கு டப்பாவுல, கொண்டாராதவங்களுக்குக் காகிதத்துல வச்சு மடிச்சுக் குடுப்பேன். போட்டா எரியும். திட்டிக்கிட்டே போடுவாங்க. ஆனா பூஞ்சையோட சேர்த்து மேல்தோலையும் உரிச்சு எடுத்துடும். மெதுவா ஆறும்.

அப்புறம் ட்யூபு வந்துச்சு. எரியாது. குளுகுளுன்னு இருக்கும். போட்ட அன்னிக்கு ராத்திரியே அரிப்பு நின்னுடும். மூணாம் நாள் சிவப்பு மறைஞ்சுடும். நம்ம சனங்க எரியற மருந்தை விட்டுட்டு ட்யூபுக்குப் போனதுல என்ன அதிசயம்? பத்து நாள் கழிச்சு நிறுத்தினா படை முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கா வரும். மறுபடி ட்யூபு. அது எப்படின்னு கொஞ்சம் விளக்கிச் சொல்றேன், பொறுமையா கேளுங்க.

நம்ம சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கு. அட்ரீனல். அது சுரக்குற ஒரு சரக்குதான் உடம்புல எங்க வீக்கம், சிவப்பு, கொதிப்பு வந்தாலும் அதை அடக்குது. அதையே வெளியில செஞ்சு மருந்தாக் குடுத்தா ஸ்டீராய்டு. 1949ல அமெரிக்காவுல பிலிப் ஹென்ச்ங்கிற டாக்டர், எழுந்து நடக்க முடியாம கிடந்த மூட்டுவாத நோயாளிகளை கார்ட்டிசோன் குடுத்து நடக்க வச்சதை அறிவிச்சார். மறுவருசமே அவருக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. 1952ல சுல்ஸ்பர்கர், விட்டன்னு ரெண்டு டாக்டருங்க இதே இனத்து மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாக்கித் தோல்ல போட்டுக் கரப்பான் அடங்குறதைக் காட்டினாங்க. அதுவரைக்கும் கரப்பானுக்குத் தாரும் துத்தநாகமும்தான். சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தமும் நீருமாக் கிடந்த பிள்ளைங்க தூங்க ஆரம்பிச்சதுங்க. இது கெட்ட மருந்துன்னு நான் சொல்ல வரல. அப்படி யாராவது நினைச்சுக்கிட்டா என் பேச்சு வீண்.

இந்த மருந்து விலை எறங்குனதுல ஒரு கறுப்பருக்குப் பங்கு இருக்கு. பெர்சி ஜூலியன். முதல்ல கார்ட்டிசோனை மாட்டுப் பித்தநீர்லேருந்து முப்பது படிக்கு மேல மாத்தி மாத்திச் செஞ்சாங்க. யானை விலை. ஜூலியன் சோயா மொச்சையிலேருந்து இந்த இனத்துச் சரக்குகளைச் செய்ய வழி கண்டவர். அவரோட தாத்தா அடிமையா இருந்தவர். எழுதப் படிக்கக் கத்துக்கிட்ட குத்தத்துக்கு ரெண்டு விரலை வெட்டினாங்கன்னு ஜூலியனே சொல்லியிருக்கார். ஜூலியன் கல்லூரியில முதல் மாணவனாத் தேறினவர். ஆனா விடுதியில எடம் கிடையாது. முனைவர் பட்டம் வாங்க வியன்னாவுக்குப் போகவேண்டி இருந்துச்சு. பேரும் புகழும் வந்த பிறகு 1950ல சிகாகோ பக்கத்துல ஓக் பார்க்குங்கிற ஊர்ல, வெள்ளைக்காரங்க தெருவுல வீடு வாங்கினார். குடிபோறதுக்கு முன்னாடியே அந்த வீட்டைக் கொளுத்தப் பார்த்தாங்க. மறுவருசம் வெடி வீசினாங்க. அவர் வீட்டை விடல. ஊர்த்தெருவுல மனை வாங்குனா என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

சரி, ட்யூபுக்கு வர்றேன். தோல்ல ரெண்டு விதமான சிவப்பு இருக்கு. ஒண்ணு, உடம்பே தேவையில்லாம கொதிக்கிறது. கரப்பான், காளாஞ்சகப்படை, சிமெண்டு ஒவ்வாமை, பார்த்தீனியச் செடி ஒவ்வாமை எல்லாம் இந்த வகை. இதுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து. இன்னொண்ணு, வெளியிலேருந்து பூஞ்சையோ கிருமியோ பூச்சியோ வந்து உக்காந்ததால உடம்பு அதோட சண்டை போடுறது. படை இந்த வகை. இதுல ஸ்டீராய்டு போட்டா என்ன ஆகும்? சண்டை நின்னுடும். சிவப்பு போயிடும், அரிப்பு போயிடும். வந்தவன் போகல. காவல்காரனைத் தூங்க வச்சுட்டுத் திருடனை வீட்டுக்குள்ள விட்ட கதை. படை தன் அடையாளமே தெரியாம உருமாறிப் போகும். வட்டம் இருக்காது, ஓரம் இருக்காது. டாக்டரே பார்த்தாலும் ஏமாந்துடுவார். இப்படி வேசம் மாறுன படைக்குன்னே தனியா ஒரு பேரு வச்சு ஐவ், மார்க்ஸ்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல எழுதினது 1968ல. 1968ன்னா நமக்கு வெண்மணிதான் ஞாபகம் வரும். அரைப்படி நெல்லு கூடக் கேட்டதுக்கு 44 உசிரு எரிஞ்ச வருசத்துல, ஸ்டீராய்டை எங்க போடக்கூடாதுன்னு அங்க அச்சிட்டு வச்சுட்டாங்க. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்தச் சேதி நம்ம தெருவுக்கு வரல. ட்யூபு மட்டும் வந்துடுச்சு.

ஏன் வரல? இந்த எடத்துல எங்கம்மா கதையைச் சொல்லணும்.

அம்மாவுக்குப் படை இடுப்பைச் சுத்தி வந்துடுச்சு. நான் அப்ப படிச்சுக்கிட்டிருந்தேன். டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். பேரு, ஊரு வேணாம். எங்க முறை வந்து உள்ள போனோம். அம்மா நாற்காலிகிட்டப் போச்சு. ‘அங்கயே நில்லு, என்ன?’ன்னார். அம்மாவுக்குச் சொல்ல வெட்கம். நான்தான் ‘இடுப்புல படைங்க’ன்னேன். அவர் எந்திரிக்கல. திரும்பி ஒரு பார்வை பார்க்கவும் இல்ல. எழுதி, சீட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். கடையில அந்தச் சீட்டுக்கு ஒரு ட்யூபு குடுத்தாங்க. நாங்க கையை நீட்டினோம், அவங்க மேடையில வச்சாங்க. அந்தச் சீட்டை அம்மா ஆறு வருசம் பத்திரமா வச்சிருந்துச்சு. அதைக் காட்டிக் காட்டி ட்யூபு வாங்கிச்சு. பிறகு சீட்டே வேண்டியதில்லாம போச்சு, காலி ட்யூபைக் காட்டுனாப் போதும்.

தோல் டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப் வேணாம். ஸ்கேன் வேணாம். நல்ல வெளிச்சமும் கண்ணும் விரலும்தான் வேணும். தொட்டுப் பார்த்தாத்தான் தடிப்பா, தட்டையா, சூடா, செதிலான்னு தெரியும். பஞ்சால வருடிப் பார்த்தாத்தான் உணர்ச்சி இருக்கா இல்லையான்னு தெரியும். முழங்கைக்குப் பின்னாடி நரம்பை விரலால உருட்டிப் பார்த்தாத்தான் தொழுநோயில நரம்பு தடிச்சிருக்கான்னு தெரியும். படையா கரப்பானான்னு சந்தேகம் வந்தா, பிளேடால லேசாச் சுரண்டி, கண்ணாடிச் சில்லுல வச்சு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்புல பார்த்தாப் போதும். கொஞ்ச நேரத்துல பூஞ்சை நூல் நூலாத் தெரியும். செலவுன்னு ஒண்ணும் பெருசா இல்ல. ஆனா அதுக்கு அந்த உடம்புகிட்ட போகணும். போகாம விட்ட எடத்துலதான் எதுக்கும் கேக்கட்டும்னு ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூணு நாலையும் ஒண்ணாக் கலந்த ட்யூபு நுழைஞ்சுது. பார்க்காம குடுக்குறதுக்குன்னே செஞ்ச மருந்து மாதிரி.

எல்லா டாக்டரும் இப்படின்னு சொன்னா நான் பாவி. பிற்பாடு ஒரு அரசு ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா, கதவைச் சாத்திட்டு, அம்மாவைப் படுக்க வச்சு, விளக்கை இழுத்துக் கிட்ட வச்சுப் பார்த்தாங்க. தோலெல்லாம் சருகு மாதிரி மெலிஞ்சு, வரிவரியாப் பொளந்து போயிருந்துச்சு. அந்த வரி சாகுறவரைக்கும் போகல. படையை ஆத்துறதுக்கு மாத்திரையும் களிம்புமா நாலு மாசம் ஆச்சு. வீட்டுக்கு வந்து அம்மா மருந்தைப் பத்திப் பேசல. ‘அந்தம்மா தொட்டுப் பார்த்துச்சுடா’ன்னு மட்டும் சொல்லிச்சு. ரெண்டு மூணு தடவை சொல்லிச்சு.

அப்ப நான் மட்டும் யோக்கியமான்னு நீங்க கேக்கணும். கேக்கலைன்னாலும் சொல்லிடுறேன்.

இந்தத் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணிக்க எங்கெங்கேருந்தோ வர்றாங்க. அறுபது வயசுல யாரும் பொண்ணு என்ன நிறம்னு கேக்குறதில்ல. முதல் கல்யாணத்துல கேக்குறாங்க. எங்க அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தாங்க. புள்ள கறுப்பு. என்னை மாதிரி. வந்தவங்க ரெண்டு எடத்துல ‘பொண்ணு நிறம் கம்மி’ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. வந்தவங்க யாரு? குடியானத் தெருக்காரங்களா? நம்ம சனந்தான். நம்ம தெருவுக்குள்ளயே கறுப்பைக் குறைச்சுப் பார்க்குற புத்தி இருக்கு, அதை மறைக்க வேணாம். அக்கா எங்கிட்ட வந்து, ‘தம்பி, மருந்துக்குள்ளயே கிடக்குற, புள்ள முகத்துக்கு ஏதாவது குடேன்டா’ன்னுச்சு. நான் குடுத்தேன். மூணு மருந்து கலந்த க்ரீம். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், அதோட மொமெட்டாசோன்னு ஒரு ஸ்டீராய்டு. மங்கு மாதிரி நோய்க்கு டாக்டர் கண்காணிப்புல சில வாரம் போடுறது. முகம் வெளுக்கப் போடுறதில்ல. எனக்குத் தெரியாதா? தெரியும். கொஞ்ச நாளைக்குத்தானேன்னு நினைச்சேன்.

பதினஞ்சு நாள்ல முகம் பளபளன்னு ஆயிடுச்சு. தெருவுல எல்லாப் பொண்ணுங்களும் என்ன போடுறேன்னு கேட்டாங்களாம். அவ நிறுத்தல. எனக்குத் தெரியாம கடையில வாங்கி ரெண்டு வருசம் போட்டிருக்கா. ஒருநாள் நிறுத்திப் பார்த்தா. மூணு நாள்ல முகம் தீப்பட்ட மாதிரி சிவந்துடுச்சு. வெயில்ல தலை காட்ட முடியல, அடுப்புகிட்ட நிக்க முடியல. கன்னமெல்லாம் பரு, மீசை மாதிரி முடி. பயந்துபோய் மறுபடி தடவுனா அடங்குது. விட்டா எரியுது. கள்ளு சாராயத்துக்கு அடிமையான மாதிரி முகம் அந்த ட்யூபுக்கு அடிமையாயிடுச்சு. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் தோல் பிரிவுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். ‘யாரும்மா இதை உனக்குக் குடுத்தது?’ன்னு கேட்டாங்க. அவ என்னைப் பார்த்தா. சொல்லல. நானே சொன்னேன். ஸ்டீராய்டைக் குறைச்சுக் குறைச்சு நிறுத்தி, வேற மருந்து குடுத்து, எட்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் கன்னத்துல சிவப்பு நூல் மாதிரி ரத்தக்குழாய் தெரியும். இதை இங்க பேசலாமான்னு அவகிட்ட கேட்டுட்டுத்தான் வந்தேன். ‘பேசு மாமா, பேரு மட்டும் வேணாம்’னா.

அவ ஒருத்தி இல்ல. 2011ல வெளியான ஒரு ஆய்வு. இந்தியாவுல 12 மையங்கள்ல முகத்துல தோல் கோளாறுன்னு வந்த 2926 பேரைப் பார்த்திருக்காங்க. அதுல 433 பேர் முகத்துல ஸ்டீராய்டு தடவிக்கிட்டிருந்தவங்க. நூத்துக்குப் பதினஞ்சு பேர்.

இந்த மூணு மருந்துக் கூட்டு எங்கேருந்து வந்துச்சுங்கிறதையும் சொல்லிடுறேன். ஆல்பர்ட் கிளிக்மன்னு அமெரிக்கத் தோல் டாக்டர். 1975ல வில்லிஸ்னு இன்னொருத்தரோட சேர்ந்து, மனுசத் தோலை வெளுக்க வைக்கிற புதுச் சூத்திரம்னு ஒரு கட்டுரை எழுதினார். அதுல ஸ்டீராய்டு டெக்ஸாமெத்தசோன். யார் தோல்ல தடவிப் பார்த்தாங்க? கறுப்பு ஆண்கள் தோல்ல. அஞ்சுலேருந்து ஏழு வாரத்துல நல்ல தோல் வெளுத்துச்சுன்னு எழுதினாங்க. இதே கிளிக்மன்தான் 1951லேருந்து 1974 வரைக்கும் பிலடெல்பியாவுல ஹோம்ஸ்பர்க் சிறையில கைதிங்க உடம்புல மருந்துகளையும் ரசாயனங்களையும் சோதிச்சவர். கைதிங்கள்ல பெரும்பாலோர் கறுப்பர்கள். 2022லதான் அந்த நகரம் அதுக்கு மன்னிப்புக் கேட்டுச்சு. ஜூலியன் செத்ததும் 1975. நம்ம நாட்டுல ஃபேர் அண்ட் லவ்லி விற்பனைக்கு வந்ததும் அதே 1975. அதுல ஸ்டீராய்டு இல்ல, அதைக் குழப்பிக்காதீங்க. ஆனா அந்த விளம்பரம் ஊட்டுன ஆசைதான் என் அக்காவை எங்கிட்ட அனுப்பிச்சு. 2020ல அது தன் பேருலேருந்து சிவப்பழகை எடுத்துடுச்சு. பொண்ணு பார்க்க வர்றவங்க வாயிலேருந்து இன்னும் போகல.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. ரொம்ப நாளா மேல் பூச்சு ஸ்டீராய்டுகளுக்குச் சட்டத்துல ஒரு சலுகை இருந்துச்சு. தடவுறதுதானே, சீட்டு இல்லாம விக்கலாம்னு. தோல் டாக்டர்கள் சங்கம் விடாம போராடி, 2018ல 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு கொண்டாந்தாங்க. அதுக்கு முன்னாடி 2016ல 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை பண்ணிச்சு, கம்பெனிங்க கோர்ட்டுக்குப் போச்சு, 2018 செப்டம்பர்ல மறுபடி 328 தடை. அதுல இந்தக் கதம்ப ட்யூபுங்களும் நெறைய இருந்துச்சு. சட்டம் புத்தகத்துல இருக்கு. கடை மேடையில இல்ல. போய்க் கேட்டுப் பாருங்க.

இப்ப இன்னொரு வினை வந்திருக்கு. முன்னெல்லாம் படைக்கு ரெண்டு மூணு வாரம் டெர்பினாஃபின் மாத்திரை போட்டா அடங்கிடும். இப்ப அடங்குறதில்ல. அந்த மாத்திரைக்கு மசியாத ஒரு பூஞ்சை இந்தியா முழுக்கப் பரவி, வெளிநாட்டுக்கும் போயிருக்கு. 2020ல அதுக்கு ட்ரைகோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேரு வச்சாங்க. நம்ம நாட்டுப் பேரையே வச்சுட்டாங்க, பெருமைப்பட்டுக்கலாம். வருசக்கணக்கா ஸ்டீராய்டு கலந்த ட்யூபைத் தடவித் தடவி வளர்த்ததுதான் முக்கியமான காரணம்னு தோல் டாக்டருங்க சொல்றாங்க. ஒரு வீட்டுல ஒருத்தருக்கு வந்தா பாட்டிலேருந்து பேரப்பிள்ளை வரைக்கும் வருது.

(கூட்டத்திலிருந்து ஓர் அம்மா: ‘அப்ப எம் பேத்திக்கு முழங்கை மடிப்புல கரப்பான். டாக்டரு எழுதிக் குடுத்த ட்யூபை நிறுத்திடவா?’)

இல்லம்மா. நல்லா கேட்டீங்க. நிறுத்தாதீங்க. இதுக்குப் பயந்துதான் ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லன்னு முதல்லயே சொன்னேன். டாக்டர் பார்த்து, கரப்பான்னு சொல்லி எழுதிக் குடுத்திருந்தா, சொன்ன நாளுக்குச் சொன்ன அளவு போடுங்க. பயத்துல துளியூண்டு தொட்டு வச்சாலும் பலிக்காது. அளவு சொல்றேன். ட்யூபுலேருந்து ஆள்காட்டி விரல் நுனி ரேகையிலேருந்து முனைவரைக்கும் நீளமாப் பிதுக்குனா ஏறக்குறைய அரை கிராம். பெரியவங்க விரலைச் சொல்றேன். அது பெரியவங்க உள்ளங்கை ரெண்டு அகலத்துக்குப் போதும். நாளைக்கு ஒருவேளை. அடங்கின பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் நிறுத்தம், டாக்டர் சொன்னபடி. ஸ்டீராய்டு போடாத நேரமெல்லாம் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தாராளமா. கரப்பான் தோல் காயக்கூடாது, அதான் பாதி வைத்தியம். சோப்பைக் குறைங்க.

எந்த ட்யூபுங்கிறது முக்கியம். எல்லாம் ஒரே ஸ்டீராய்டு இல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதம் சாது. பீட்டாமெத்தசோன் வேலரேட் 0.1 சதம், நீங்க பெட்னோவேட்டுங்கிறீங்களே அது, முரடு. குளோபெட்டசால் 0.05 சதம் இருக்குறதுலயே பெரிய முரடு. 0.05ங்கிற நம்பரைப் பார்த்துக் கம்மின்னு ஏமாறாதீங்க. ஹைட்ரோகார்ட்டிசோனைப் போல 600 மடங்கு வரை வலுவுன்னு கணக்கு. ரெண்டு வாரத்துக்கு மேல தொடர்ந்து போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராம் தாண்டக்கூடாதுன்னு அதோட தாள்லயே இருக்கும். அந்தத் தாளை மடிச்சபடியே தூக்கிப் போடுறோம்.

எங்க போடுறோம்ங்கிறதும் முக்கியம். 1967ல ஃபெல்ட்மன், மைபாக்னு ரெண்டு பேர் அளந்தாங்க. முன்கைத் தோல் ஒரு பங்கு மருந்தை உள்ள இழுத்தா, நெத்தி ஆறு பங்கு, தாடை பதிமூணு பங்கு, ஆம்பளைங்க விரைப்பை நாப்பத்திரெண்டு பங்கு இழுக்குது. இப்ப நினைச்சுப் பாருங்க, நம்ம பயலுங்க ட்யூபை எங்க தடவுறாங்க? (சிரிப்பு) சிரிங்க, ஆனா ஞாபகம் வச்சுக்கங்க. கண்ணைச் சுத்தி ரொம்ப நாள் போட்டா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும், புரை விழும். கைப்பிள்ளைக்கு இடுப்புத்துணி இறுக்குற எடத்துல முரட்டு மருந்தைத் தடவிக் கட்டினா, அது ரத்தத்துல கலந்து பிள்ளையோட அட்ரீனலையே தூங்க வச்சுடும். வளர்த்தியும் நின்னு போகும். பிள்ளை கொழுகொழுன்னு முகம் உப்பிட்டா, மருந்து உடம்புக்குப் புடிச்சிருக்குன்னு சந்தோசப்படாதீங்க.

கட்டட வேலைக்குப் போற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இப்ப நடவு குறைஞ்சு போச்சு, பாதிப்பேர் திருப்பூரு, கேரளான்னு கலவை சுமக்குறீங்க. சிமெண்டுல இருக்குற குரோமியம் ஒத்துக்காம கை வெடிச்சு, நீர் வடிஞ்சு வருதில்ல, அது ஸ்டீராய்டுக்குக் கேக்கும். ஆனா மறுநாள் வெறுங்கையோட கலவையில கை வச்சா மறுபடி வரும். கையுறை கேட்டு வாங்குங்க. மேஸ்திரி கேலி பண்ணுவான். பண்ணட்டும்.

சொறி சிரங்குன்னு குடும்பத்தோட ராத்திரியில சொறிஞ்சா அது தோலுக்குள்ள குடியிருக்குற பூச்சி. ஸ்டீராய்டு போட்டா அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். அதுக்கு பெர்மெத்ரின் 5 சதம். கழுத்துலேருந்து கால்வரைக்கும், ராத்திரி பூசிக் காலையில குளிக்கணும், வீட்டுல எல்லாரும் ஒரே நாள், ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. காளாஞ்சகப்படைக்காரங்க ஸ்டீராய்டு ஊசி, மாத்திரைன்னு யார் குடுத்தாலும் வாங்காதீங்க, நிறுத்தினதும் உடம்பெல்லாம் சீழ்க் கொப்புளமா வர்றதுண்டு. வெளுத்தோ சிவந்தோ ஒரு தேமல், அதுல தொட்டா உணர்ச்சி இல்லன்னா அங்க ட்யூபு வைக்கவே வைக்காதீங்க. 2005 டிசம்பரோட தொழுநோயை ஒழிச்சாச்சுன்னு அறிவிச்சாங்க. அந்த அறிவிப்பு கணக்குல குறைஞ்சதுக்குத்தான், நோய் இன்னும் இருக்கு. மருந்து இலவசம், முழுசா குணமாகும். சிவப்பை ஸ்டீராய்டு மறைச்சுட்டா, விரல் மடங்குன பிறகுதான் தெரியவரும்.

படைக்காரங்க துண்டை, பாவாடையை, உள்ளாடையைத் தனியா துவைச்சு நல்ல வெயில்ல திருப்பிப் போட்டுக் காயவைங்க. பொம்பளைங்க உள்பாவாடையைச் சேலைக்கடியில மறைச்சுக் காயவைக்கிற பழக்கம் இருக்கே, அந்த ஈரத்துலதான் பூஞ்சை உசிரோட இருக்கு. கொடியில விரிச்சுப் போடுங்க, யார் பார்த்தா என்ன. படை மறைஞ்ச பிறகும் டாக்டர் சொன்ன நாள்வரைக்கும் மருந்தை நிறுத்தாதீங்க. ஆஸ்பத்திரியில ‘அங்கயே நில்லு’ன்னு யாராவது சொன்னா, நிக்காதீங்க. கிட்டப் போய் உக்காந்து, ‘வெளிச்சத்துல பார்த்துச் சொல்லுங்க’ன்னு கேளுங்க. வாய் வரலைன்னா நம்ம தம்பிகள்ல ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. கூலி கேக்கப் போகும்போது நாலு பேரு போறமாதிரிதான்.

போன கூட்டத்துலயே சொல்லியிருந்தேன், வீட்டுல இருக்குற ட்யூபுங்களை எடுத்தாங்கன்னு. கொண்டாந்தவங்க இந்த மேசையில வைங்க. பிதுங்கிப் போனது, எழுத்து அழிஞ்சது, காலி ட்யூபு எதுவானாலும் சரி. எதுல என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்றேன், எழுதியும் குடுக்குறேன். ரொம்ப நாளா முரட்டு ட்யூபு போட்டவங்க இன்னிக்கே சட்டுனு நிறுத்திடாதீங்க, டாக்டரைப் பார்த்துக் குறைச்சு நிறுத்தணும், அதுக்கும் வழி சொல்றேன். பொம்பளைங்களுக்கு உள்ள அறையில நம்ம செவிலியர் தங்கச்சி இருக்காங்க, விளக்கு போட்டிருக்கு. அஞ்சு மணி பஸ்ஸு வர்றவரைக்கும் நானும் இங்கதான் இருப்பேன்.